நான்கு பாகையின் கருணை

கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து அல்கோன்குவின் காட்டுக்குப் புறப்படும் நம்மவர் வாகனத்தைப் பார்த்தால், கலியாண வீட்டுக்குச் சாமான் போகிறது என்றே நினைக்கத் தோன்றும். இரண்டு கூடாரம், ஐஸ்பெட்டி நிறையத் தூள் பிரட்டிய கோழி, பெரிய சட்டி, கேத்தல், மடக்குக் கதிரைகள், நுளம்புக்குப் பூச ஏதோ ஒரு நாற்ற எண்ணெய், பின்பக்கம் கொளுவிய சைக்கிள்கள், யாரோ ஒரு மாமியின் மடியில் புளிச்சாதப் பாத்திரம். மூன்று மணி நேர ஓட்டம். ஹன்ட்ஸ்வில் ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் 60ஆம் நெடுஞ்சாலை காட்டுக்குள் நுழைகிறது. பிறகு ஏறத்தாழ 56 கிலோமீட்டருக்கு மேப்பிள், ஹெம்லொக், பைன், இடையில் ஏரி, மறுபடி மரம், மறுபடி ஏரி.

1893இல் ஒன்ராறியோ அரசு பூங்காவாக ஒதுக்கிவைத்த நிலம் இது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தை ஏழு தரம் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஏரிகள் மட்டும் 2,400க்கு மேல். அடியில் கிடப்பது நூறு கோடி ஆண்டுக்கும் மூத்த கனடியக் கேடயப் பாறை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் பெரும் பனிப்பாறை அந்தப் பாறையைச் சுரண்டிக்கொண்டே பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற பள்ளங்களில்தான் இன்று நம் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

போய்வந்தவர்களைக் கேட்டால், "நல்ல வடிவான இடம், மனசுக்கு ஆறுதல்" என்பார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அங்கே கோடை என்பது சொற்ப அவகாசம். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ ஏரிகள் பனியால் மூடிக்கொண்டால் ஏப்ரல் இறுதிவரை திறப்பதில்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கு இறங்கும் இரவுகள் உண்டு. ஜூலையில் நாம் அங்கே காணும் தவளை, ஆமை, பறவை, மரம் எல்லாவற்றின் உடம்பிலும் அந்த ஐந்து மாதத்துக்கான ஏற்பாடு ஒன்றைப் படைத்தவன் வைத்திருக்கிறான். அதைத் தெரிந்துகொண்டு நடந்தால், அதே பாதையில் கால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

முதலில் தண்ணீர்.

லேக் ஒஃப் டூ ரிவர்ஸ் முகாமில் மணல் கரை உண்டு. ஜூலை நடுவில் நெஞ்சளவில் நின்றால் உடம்பைச் சுற்றி இளஞ்சூடு. தண்ணீருக்கு இலேசான கபில நிறம். காட்டின் உதிர்ந்த இலைகளிலும் சதுப்புப் பாசியிலும் ஊறிவந்த சாயம். காற்றில்லாத நாளில் கொஞ்சம் உள்ளே நீந்திப் போய்க் காலைக் கீழே நீட்டினால் திடீரெனக் குளிர் கணுக்காலைப் பிடிக்கும். எங்களோடு வந்த அன்ரி ஒருவர் இதற்குக் கத்தியே விட்டார். "தம்பி, கீழ என்னவோ கிடக்கு! தண்ணி விறைக்குது!" கீழே கிடந்தது போன பனிக்காலம்தான்.

கோடை வெயில் ஏரியின் மேற்பகுதியை மட்டுமே சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது, மேலேயே தங்கிவிடும். வசந்தத்தில் பனி உருகிய நாட்களில் இருந்த குளிர்நீர் ஆழத்தில் அப்படியே கிடக்கிறது. லேக் ட்ரவுட் என்ற மீன் கோடை முழுவதையும் அந்த ஆழத்தில் கழிக்கிறது. பனியுகம் முடிந்தபோது உருகுநீரோடு வந்து இந்த ஏரிகளில் தங்கிப்போன இனம் அது. சூடு அதற்கு ஆகாது. மேலே பிள்ளைகள் பந்தெறிந்து விளையாட, அடியில் அது பனியுகத்தின் மிச்சத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, தாழ்கிறது. காற்று கலக்கிவிட, ஒரு கட்டத்தில் ஏரி முழுவதும் மேலிருந்து அடிவரை ஒரே வெப்பநிலைக்கு வந்து புரள்கிறது. கோடை முழுக்க மேலே மட்டுமே கரைந்துகொண்டிருந்த ஒக்சிசன் அப்போதுதான் அடிவரை போய்ச் சேர்கிறது. மூடி போடுமுன் ஏரி எடுக்கும் கடைசி மூச்சு அது.

நான்கு பாகை செல்சியஸ் வரை எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கிறது. குளிரக் குளிரச் சுருங்குவதும் கனப்பதும் பெரும்பாலான திரவங்களின் இயல்பு. அவை உறைந்தால் இன்னும் கனத்து அடியில் போய்ப் படுக்கும். தண்ணீர் மட்டும் நான்கு பாகையில் மனம் மாறுகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் விரிகிறது, இலேசாகிறது. எனவே மூன்று பாகை நீர், இரண்டு பாகை நீர், ஒரு பாகை நீர் எல்லாம் மேலே வந்துவிடுகின்றன. பூச்சியத்தில் அது பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் பருத்து மிதக்கிறது. மிதக்கும் அந்தப் பனிக்கட்டியே கீழுள்ள தண்ணீருக்குக் கூரை. வெளியே குளிர் எவ்வளவு கடுமையானாலும், பனிக்குக் கீழே ஆழமான இடங்களில் நான்கு பாகையை ஒட்டிய நீர் ஏப்ரல் வரை நீராகவே இருக்கும்.

இந்த ஒரு விதிவிலக்கு இல்லையென்றால் ஏரி அடியிலிருந்து உறைந்துகொண்டு மேலே வரும். மீன் போக இடமிருக்காது, ஆமைக்கு ஒதுங்க மூலையிருக்காது. அப்படிக் கட்டியான ஏரியைக் கோடைச் சூரியன் அடிவரை உருக்கி முடிப்பதற்குள் அடுத்த பனி வந்துவிடும்.

காரணம் சொல்ல முடியாத மாயமல்ல இது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. உறையும்போது ஒவ்வொன்றும் நான்கு அயலாரைக் கைநீட்டிப் பிடித்து, நடுவே வெற்றிடம் விட்டு ஒரு சட்டமாக நிற்கிறது; அந்த வெற்றிடத்தால் பனிக்கட்டி பருக்கிறது. உறைவதற்கு முன்பே, நான்கு பாகையிலிருந்து, அந்த ஒழுங்கு தண்ணீருக்குள் மேலோங்கத் தொடங்கிவிடுகிறது. இதைப் படித்தால் பக்தி குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கோ காரணம் தெரிந்தபின் கும்பிடும் கை இன்னும் கொஞ்சம் உயர்கிறது. மூலக்கூறு ஒன்று எந்தக் கோணத்தில் கை நீட்ட வேண்டும் என்பதில் 2,400 ஏரிகளின் உயிர் அடங்கியிருக்கிறது.

கரையை விட்டு நடைபாதைக்கு வருவோம். அல்கோன்குவினில் நெடுஞ்சாலையை ஒட்டியே நல்ல நடைபாதைகள் பல. லுக்கவுட் பாதை சிறியது, செங்குத்து. ஏறி முடித்தால் காடு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கும் வாரங்களில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. மிஸி ஏரிப் பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதிகாலையில் தொடங்கினால் மூஸ் மான் காணும் வாய்ப்பு உண்டு. பலரும் பாதை முடியும் இடத்தில் என்ன காட்சி இருக்கிறது என்றே கேட்கிறார்கள். காலடியில் கிடக்கும் சருகை யாரும் விசாரிப்பதில்லை. அந்தச் சருகில்தான் காட்டுத்தவளை இருக்கிறது.

பெருவிரல் அளவு உடம்பு, பழுப்பு நிறம், கண்ணை மூடிக் கட்டிய கறுப்புப் பட்டை. குதித்தால்தான் கண்ணில் படும். பனிக்காலம் வந்தால் மற்றத் தவளைகள் சில ஏரியின் அடிக்குப் போய்விடுகின்றன. இது போவதில்லை, சருகுக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறது. படுத்து உறைந்தும் விடுகிறது. உவமைக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே உறைகிறது. உடம்பிலுள்ள நீரில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரைகூட, பனிக்கட்டியாகிறது. மூச்சு இல்லை. இதயம் நின்றுவிடுகிறது. கையில் எடுத்தால் கல்லாக இருக்கும்.

ஒட்டாவாவின் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரியும் அவரோடு இருந்தவர்களும் 1980களிலிருந்து இதைத்தான் நுணுகிப் பார்த்தார்கள். தோலில் முதல் பனித்துகள் படிந்த சில நிமிடங்களுக்குள் தவளையின் ஈரல் விழித்துக்கொள்கிறது. கோடையில் சேமித்த கிளைகோஜனைக் குளுக்கோசாக மாற்றி இரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் சீனி உயிரணுக்களுக்குள் புகுந்து, உள்ளே பனி விளையாமல் காக்கிறது. பனி எல்லாம் உயிரணுக்களுக்கு வெளியே, உடம்பின் இடைவெளிகளில் விளைகிறது. காலையில் விரலைக் குத்திச் சீனி பார்த்துக் கவலைப்படும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்: மனிதன் நினைவிழந்து விழும் அளவைப்போலப் பல மடங்கு சீனி அந்தத் தவளையின் இரத்தத்தில் ஓடி, அதன் உயிரையே காக்கிறது.

வசந்தத்தில் உருகும்போது முதலில் இதயம் துடிக்கிறது. பிறகு மூச்சு, பிறகு கால். ஏப்ரலில் குளங்களின் ஓரத்தில் பனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆண் தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். கோடையில் சின்னப்பிள்ளையின் சப்பாத்துக்கு முன்னால் தத்திப் போகிற அந்த உயிர் சில மாதங்களுக்கு முன் நாடியற்றுக் கிடந்தது. உயிர்த்தெழுதலுக்கு ஆண்டுதோறும் பழகிய ஒரு ஜீவன்!

அந்தச் சருகுக்கு மேலே விழும் பனியும் பகையல்ல. தடித்த பனிப்படைக்குள் காற்று அகப்பட்டிருப்பதால் நிலத்தின் சூடு வெளியே போவதில்லை. மேலே மைனஸ் முப்பது என்றாலும், நிலத்தை ஒட்டிய இடுக்கில் பூச்சியத்தை அண்டியே இருக்கும். அந்த இடுக்கில் வயலெலிகளும் மூஞ்சூறுகளும் பனிக்காலம் முழுக்க ஓடித்திரிகின்றன. பனி குறைந்த ஆண்டுதான் இவற்றுக்கு ஆபத்தான ஆண்டு.

பீவர் பொண்ட் பாதை இரண்டு கிலோமீட்டர்தான். பீவர் கடித்து விழுத்திய மரக்கட்டையொன்றின் முன் குந்திப் பாருங்கள். கூம்பாகச் செதுக்கிய மரத்தில் பல் போன தடம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். இரண்டு பல், பக்கத்தில் பக்கத்தில், சின்ன உளியின் அகலம். பல்லின் முன்புறம் செம்மஞ்சள். எனாமலில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அந்த நிறமும் உறுதியும். பின்புறம் மென்மையாக இருப்பதால் கடிக்கக் கடிக்கத் தானாகவே கூராகிறது. பீவர் அணை கட்டுகிறதைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அணை எதற்கு என்று கேட்டால் விடை மறுபடி பனிக்காலம். அணைக்குப் பின்னால் தண்ணீர் ஆழமானால்தான் அடிவரை உறையாது. அடிவரை உறையாவிட்டால்தான் வீட்டுக்கு நீருக்குள் வாசல் வைக்கலாம், பச்சைக் கொப்புகளைச் சேற்றில் குத்திச் சேமிக்கலாம். இலையுதிர் காலத்தில் வீட்டின் மேல் பூசிய சேறு உறைந்துவிட்டால் ஓநாயாலும் தோண்ட முடியாது. பனிக்கு அடியில் நீந்தி வந்து, ஒரு கொப்பை இழுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கொறிக்கும். பதினைந்து நிமிடம்வரை மூச்சடக்கும் பிராணி அது.

ஸ்புரூஸ் பொக் பலகைப் பாதையில் நடப்பவர்கள் குடுவைச் செடியைக் குனிந்து பார்க்க வேண்டும். இலையே குடமாகி, மழைநீர் தேக்கி, உள்ளே விழும் பூச்சியைத் தின்னும் செடி. அதே குடத்தில் ஒருவகை நுளம்பின் புழு பத்திரமாக வளர்கிறது. பனிக்காலத்தில் குடத்து நீர் உறைந்து கட்டியாகும். புழுவும் அதற்குள்ளேயே கிடந்து வசந்தத்தில் நெளியும். உறங்கப் போகும் நேரத்தை அதற்குச் சொல்வது குளிரல்ல, பகலின் நீளம். வடக்கே வாழும் இந்த நுளம்புகள் மனிதரைக் கடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் அங்கே போனவர்களுக்கு, கடிக்காத நுளம்பு ஒன்று உண்டு என்பதே பெரிய அதிசயமாகத் தெரியும்.

அதே சதுப்பில் கனடா ஜே என்ற சாம்பல் பறவை. மனிதரைக் கண்டு ஒதுங்காது; சாப்பாட்டு மேசைக்கே வரும். தெற்கே பறந்துபோகும் வழக்கம் அதற்கு இல்லை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இறைச்சித் துண்டு, பழம், பூச்சி, காளான் எதையும் விடாமல் பொறுக்கி, பசை போன்ற உமிழ்நீரில் உருட்டி, மரப்பட்டைக்குப் பின்னாலும் பாசிக்குள்ளும் ஒட்டிவைக்கிறது. ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கான உருண்டைகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில். அவற்றை நினைவால் தேடி எடுத்தே பனிக்காலத்தைக் கடத்துகிறது. போதாக்குறைக்கு, பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், காடு முழுக்க வெள்ளையாக இருக்கும்போது, கூடுகட்டி முட்டையிட்டு அடைகாக்கிறது. குஞ்சுக்கு ஊட்டுவதும் சேமிப்பிலிருந்துதான்.

அல்கோன்குவினில் இந்தப் பறவைகளின் காலில் வண்ண வளையமிட்டு 1960களிலிருந்து பின்தொடர்கிறார்கள். அதில் வாழ்நாளைச் செலவிட்டவர் டான் ஸ்ட்ரிக்லண்ட். ஸ்புரூஸ், பைன் மரங்களின் பட்டையில் ஒட்டிய உணவு மற்ற மரங்களில் வைத்ததைவிடக் கெடாமல் இருக்கிறது என்று அவரும் கூட்டாளிகளும் கண்டார்கள். இன்னொன்றையும் கண்டார்கள். இலையுதிர் காலம் சூடாகிக்கொண்டு வருவதால் சேமிப்பு புளித்துக் கெடுகிறது, குஞ்சுகள் குறைகின்றன. இந்தப் பகுதியில் பறவைகளின் தொகை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. குளிரையே குளிர்சாதனப்பெட்டியாக நம்பிப் படைக்கப்பட்ட உயிர் அது. மின்சாரத்தை வெட்டியது நாம்தான்.

சைக்கிள் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு வழி. சின்னப் பிள்ளைகளோடு என்றால் பழைய ரயில் பாதை. கேஷ் ஏரியிலிருந்து ரொக் ஏரி வரை 16 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. ஜே. ஆர். பூத் என்ற மரவணிகர் 1890களில் போட்ட தண்டவாளத்தின் தடம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள், சரளை மேடு மிஞ்சியது. கை கால் உறுதியானவர்களுக்கு மின்னசிங் மலைச்சைக்கிள் பாதை. நான்கு வளையங்கள், மிக நீளமானது 23 கிலோமீட்டருக்கு மேல். கல், சேறு, வேர். முக்கியமாக வேர். முன்சக்கரம் ஒரு வேரில் ஏறி அடுத்த வேரில் விழும்போதுதான் இந்தக் காட்டின் நிலை கைக்குத் தெரிகிறது. பாறைக்கு மேலே மண் மிகக் கொஞ்சம். ஆழத்துக்குப் போக வழியில்லாததால் மரங்கள் பக்கவாட்டில் வேர்விட்டு, ஒன்றின் மேல் ஒன்று பின்னி நிற்கின்றன. ஓரிரு முழம் மண்ணில் ஆறேழு மாடி உயர மரங்கள். சைக்கிளை நடைபாதைகளில் விடாமல் குறித்த பாதைகளுக்குள் மட்டும் விடுவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ரயில் பாதைக்குத் திரும்புகிறேன், அங்கே ஆமை இருக்கிறது. ஜூன் மாதத்தில் வண்ண ஆமைகளும் பெரிய ஸ்னாப்பிங் ஆமைகளும் ஏரியைவிட்டு ஏறி, வெயில் படும் சரளையில் குழிதோண்டி முட்டையிடுகின்றன. சாலையோரமும் பழைய ரயில் மேடும் அவற்றுக்கு வாய்ப்பான இடம். பூத் மரம் ஏற்றுவதற்குக் கொட்டிய சரளை, ஆமைக்குப் பிரசவ அறையாயிற்று. வண்ண ஆமை முட்டையில் பிறப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மண்ணின் சூடு. சூடான கூட்டில் பெண், குளிர்ந்த கூட்டில் ஆண். கோடை முடியும்போது குஞ்சு முட்டையை உடைக்கிறது, ஆனால் வெளியே வருவதில்லை. ஒரு டொலர் நாணயத்தின் அகலமுள்ள அந்த உடம்பு, கூட்டுக்குள்ளேயே பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில்தான் மண்ணைத் தள்ளிக்கொண்டு சூரியனை முதன்முதலாகப் பார்க்கிறது.

தாய் ஏரியின் அடியில் இருக்கிறது. பனி மூடியபின் மேலே வந்து மூச்செடுக்க வழியில்லை. நான்கு, ஐந்து மாதம்! உடம்பு மூன்று பாகைக்குக் குளிர்ந்து, உயிரின் சுடர் மிகச் சிறிதாக்கப்படுகிறது. ஒக்சிசன் இல்லாமல் எரியும் அந்தச் சிறு சுடரும் இரத்தத்தில் லக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். நாம் ஓடிக் களைத்தபின் தொடையில் சேர்கிற அதே அமிலம். நாளடைவில் அது கொல்ல வேண்டும். கொல்வதில்லை, ஏனென்றால் வண்ண ஆமையின் ஓடு கரைந்துகொடுக்கிறது. ஓட்டிலுள்ள கல்சியம் கார்பனேற்று இரத்தத்தில் கலந்து அமிலத்தை முறிக்கிறது. மிஞ்சிய அமிலத்தை ஓடே உள்வாங்கிச் சேர்த்துவைக்கிறது. பகைக்குக் கேடயம் என்று நாம் நினைத்திருந்த ஓடு, உள்ளேயிருந்து ஒரு மருந்துப்பெட்டியாகவும் இருக்கிறது. பிரவுண் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஜாக்சன் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார். குளிர்ந்த நீரில், துளி ஒக்சிசன் இல்லாமல், மாதக்கணக்கில் வண்ண ஆமை உயிரோடிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. அல்கோன்குவினில் 1972 முதல் ஸ்னாப்பிங் ஆமைகளை அடையாளமிட்டுக் கணக்கெடுக்கிறார்கள். முட்டையிடும் பருவத்துக்கு வரவே பதினேழு, பதினெட்டு ஆண்டு எடுக்கும் இனம். 1980களின் இறுதியில், பனிக்கு அடியில் அசையமுடியாமல் கிடந்த ஆமைகளை நீர்நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. சில பனிக்காலங்களில் வளர்ந்த ஆமைகளில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மீளவில்லை. நீர்நாயும் பசித்த பிராணிதான், அதுவும் படைக்கப்பட்டதுதான். இதை எப்படி வணங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் மென்மையானதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு படைப்பை வாழ்த்துவது, பாதிக் கோயிலை மட்டும் சுற்றி வருவதுதான். மூஸ் மானையும் பாருங்கள். மே மாதத்தில் சாலையோரப் பள்ளத்தில் நின்று சேற்றுநீரை உறிஞ்சும். பனிக்காலத்தில் சாலைக்குப் போட்ட உப்பு கரைந்த நீர் அது. ஐந்து மாதம் மரக்குச்சியைத் தின்ற உடம்புக்கு உப்பு வேண்டும். அதற்காக லொறி ஓடும் இடத்துக்கே வருகிறது, சில அடிபட்டும் சாகின்றன. இரவில் அந்தச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள்.

இருட்டியபின் முகாமில் தீ மூட்டி, கோழி சுட்டு, கூலரை வாகனத்துக்குள் வைத்துப் பூட்டியாயிற்று என்றால் (பூட்டாவிட்டால் ரக்கூன் முதலில் வரும், கரடி பிறகு வரும்) ஏரிப் பக்கமிருந்து லூன் கூப்பிடும். முதன்முதலாகக் கேட்பவர்கள் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். 1987 முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது இந்தப் பறவைதான். பெரும்பாலான பறவைகளின் எலும்பு உள்ளே காற்றறையோடு இருக்கும். லூனின் எலும்புகளில் பல கெட்டியானவை; பாரம் இருந்தால்தான் முக்குளிக்கலாம். கால்கள் உடம்பின் கடைக்கோடியில். நீருக்குள் அவை உந்துகோல்கள். கரையில் ஒன்றுக்கும் உதவாதவை. அதனால் கூடு நீரை ஒட்டியே இருக்கும், தண்ணீரிலிருந்து அப்படியே ஏறிவிடலாம். பறக்கவும் சுலபமில்லை, நீர்மேல் நெடுந்தூரம் அடித்து ஓடித்தான் எழும்ப முடியும். ஆகவே சின்னக் குளங்கள் அதற்கு ஒத்துவராது, ஏரி மூடத் தொடங்கினால் ஓடுபாதையும் மூடிவிடும்.

ஜூலையில் தாய் தகப்பன் முதுகில் ஏறிக் குஞ்சு சவாரி போவதைப் படகில் போகிறவர்கள் பார்க்கலாம். தூரத்திலிருந்து பாருங்கள், கிட்டப் போகவேண்டாம். இலையுதிர் காலத்தில் பெரியவை முதலில் புறப்பட்டுவிடுகின்றன. குஞ்சுகள் ஏரியில் தனியே நின்று இன்னும் சில கிழமை தின்று, இறகை உறுதியாக்கி, பனி மூடுமுன் ஒருநாள் தாங்களாகவே கிளம்பும். வழிகாட்ட யாரும் இல்லை. கடலை அவை பார்த்ததேயில்லை. ஆனாலும் அத்திலாந்திக் கரைக்குப் போய்ச் சேர்கின்றன. நன்னீரில் பிறந்த உடம்பு உப்புநீரைக் குடிக்கத் தொடங்கும். அந்த உப்பைப் பிரித்து வெளியேற்றக் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி பிறக்கும்போதே வைக்கப்பட்டிருக்கிறது. ஏரியில் பிறந்த குஞ்சுக்குக் கடலுக்கான சுரப்பி! இரண்டு மூன்று ஆண்டு கடலிலேயே இருந்து, வளர்ந்தபின்தான் வடக்கே ஏரி தேடி வரும். பிள்ளைகளைத் தூர நாட்டுக்கு அனுப்பிய தலைமுறை ஒன்றுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே போக விரும்புகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் முகாம் இடத்தை ஐந்து மாதம் முன்னரே, காலை ஏழு மணிக்குப் பதியத் தொடங்குவார்கள். ஜூலைக்கு இடம் வேண்டுமென்றால் பெப்ரவரியில் கணினிக்கு முன் இருக்கவேண்டும். ஏரிக்கரை இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் டூ ரிவர்ஸ் ஏரி பனிக்கடியில் இருக்கிறது, ஜே கூடு கட்டத் தொடங்குகிறது, தவளையின் இதயம் நின்றிருக்கிறது.

மியூ ஏரி முகாம் பனிக்காலத்திலும் திறந்திருக்கும். சூடேற்றிய யேர்ட் கூடாரங்களும் உண்டு. நம் இளம் பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே பனிக்காலத்தில் போகத் தொடங்கியிருக்கிறார்கள். ஏரியில் கால் விறைத்துக் கத்தினாரே அந்த அன்ரி, அவருடைய மகளும் அதிலொருத்தி.

"பனிக்குள்ள கூடாரமோ? உனக்கென்ன விசரே பிள்ளை?"

"அம்மா, பனி போர்வை மாதிரி. கீழ எலியெல்லாம் சுகமா ஓடித்திரியுது."

"எலி திரியும். நீ எலியோ?" என்றார் அன்ரி. பிறகு தேத்தண்ணியை ஒருவாய் குடித்துவிட்டு, அந்த யேர்ட்டுக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று விசாரித்தார்.